மேற்கணக்கில் ஒன்பது பேர்

கூனிமலைத் தேயிலைத் தோட்டத்து நல்லமுத்து யாரையும் பார்த்த உடனே நம்பியவரில்லை. விறகுக் கட்டோடு எதிரே வருகிற ஆள் வணக்கம் சொன்னால், முதலில் கட்டைப் பார்ப்பார். பிறகுதான் ஆளைப் பார்ப்பார். அது தொழில் கொடுத்த பழக்கம். 1981 முதல் 2004 வரை இருபத்து மூன்று வருடம் செடிகளின் கிளை தறிக்கிற கவ்வாத்து வெட்டினார். அதன் பிறகு 2023இல் ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருடம் தோட்டக் காவல். தோட்டத்தின் மேற்பகுதியில், எண்பது வருடங்களுக்கு முன் தண்டவாளம் பிடுங்கப்பட்ட பழைய ரயில் பாதை ஒன்று உண்டு. நானுஓயாவிலிருந்து ராகலைக்கு அந்தக் காலத்தில் ஓடிய சின்ன ரயிலின் பாதை. அவருடைய காவல் பெரும்பாலும் அதன்மேல்தான். எந்த வளைவில் எத்தனை சவுக்கு நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

டிவிஷனைக் கணக்கு என்று சொல்வது அங்கே வழக்கம். மேற்கணக்கில் ஆறு லயங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள். லயத்துக்குப் பன்னிரண்டு காம்பராவாக எழுபத்திரண்டு காம்பரா. நல்லமுத்துவின் வீடு நாலாம் நம்பர் லயத்தில் ஏழாவது காம்பரா. மனைவி ஜீவராணி இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறாள். ஒரே மகள் பிரியந்திக்கு இருபத்தேழு வயது. நுவரெலியா டவுனில் நஜீம் என்பவருடைய பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அவளுக்காக 2016இல் காம்பராவின் பின்புறம் தகரம் அடித்து ஒரு சின்ன அறை இறக்கியிருந்தார். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

2024 பெப்ரவரியில் அந்தத் தகர அறையிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி, பழைய ரயில் பாதையின் ஓரக் கல்லில் யாரோ சிவப்புப் பெயின்றால் ஒரு குறி போட்டிருந்தார்கள். நல்லமுத்து அதை அடிக்கணக்கில் அளந்து பார்த்தார். பதின்மூன்று அடி.

இலகு ரயில் வரப்போகிறது என்ற பேச்சு அதற்கு முன்பே ஊரில் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா நகரத்துக்குள் ஒரு பாதை போடுவது முதல் யோசனை. அதை ராகலை வரை நீட்டினால், இந்தப் பக்கத்திலிருந்து தினமும் நகரத்துக்குள் நுழையும் பஸ்களும் வான்களும் குறையும், நடு டவுனில் மூச்சு விடலாம் என்பது இரண்டாவது யோசனை. நெரிசல் பொய்யில்லை. பிரியந்தி காலை ஐந்து பத்துக்கு வீட்டை விட்டு இறங்கி, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஆறு ஐந்து பஸ்ஸைப் பிடிப்பாள். டவுன் பதினேழு கிலோமீற்றர்தான். ஆனால் கடைசி இரண்டு கிலோமீற்றரில் மரக்கறி லொறிகளுக்கும் உல்லாசப் பயணிகளின் வான்களுக்கும் நடுவில் பஸ் நாற்பது நிமிடம் நிற்கும். ஏப்ரல் சீசனில் அதற்கும் மேல். கடைக்குள் அவள் கால் வைக்கும்போது எட்டு இருபது ஆகிவிடும்.

"நம்ம லயத்துக்குப் பக்கத்துலயே ஸ்டொப் வச்சாங்கன்னா ஏழு மணிக்கு எறங்குனா போதும்ப்பா" என்றாள் அவள். "டவுன்ல ரூம் எடுக்கச் சொல்லி நஜீம் நானாவும் சொல்லிக்கிட்டே இருக்காரு. ரயில் வருதுன்னாங்க, அதுக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

"ரயிலு வரும்" என்றார் நல்லமுத்து. "நமக்காகவா வரும்?"

மார்ச் மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ரயில் திட்டக்காரர்கள் அனுப்பிய ஒரு பெண் கையில் டெப் கணினி ஒன்றுடன் லயத்துக்கு வந்தாள். பெயர் சுலக்ஷனா. வீட்டில் எத்தனை பேர், யார் யார் டவுனுக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு, எதில் போகிறார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. அவள் ஒன்றாம் நம்பர் லயத்தில் தொடங்கியபோதே செய்தி நாலாம் நம்பருக்கு வந்துவிட்டது. நல்லமுத்து காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னார்: "தோட்டத்துல பேரு பதிஞ்சவங்கள மட்டும் சொல்லுங்க. மத்தவங்க யாரும் இங்க இல்ல."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஏன் அது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா. டவுனில் கடைக்குப் போகிற மகனும் மகளும் அதே காம்பராவில் படுத்தெழும்புவது எல்லோரும் அறிந்த, யாரும் எழுதித் தராத விஷயம். 1996இல் வீட்டுப் பட்டியல் எடுக்கிறோம் என்று வந்தவர்களிடம் இரண்டாம் நம்பர் லயத்து ஆள் ஒருவர் மூன்று மகன்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வீடு வரவில்லை. மூன்றாவது மாதம், வெளிவேலை செய்கிற ஆட்களுக்குக் காம்பராவில் என்ன இடம் என்று கேட்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

நல்லமுத்துவுக்கு அதைவிடப் பழைய காரணமும் உண்டு. அவருடைய பெரியப்பா குடும்பம் எட்டுப் பேர். ஆள் எண்ணிக்கை எடுத்தவர்களிடம் பெரியப்பா எட்டுப் பேரையும் வயதோடு சொன்னார். 1972இல் எட்டுப் பேரும் இந்தியாவுக்கு என்று தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டார்கள். நல்லமுத்துவுக்கு அப்போது ஒன்பது வயது. எண்ண வந்த அன்று அவருடைய அப்பா விறகுக்குப் போயிருந்தாராம். அதனால்தான் தப்பினோம் என்று சாகும்வரை சொல்வார். பிரஜாவுரிமை விவகாரம் அவ்வளவு எளிதாக நடந்திருக்க முடியாது. எத்தனையோ மனுக்கள், விசாரணைகள் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் நின்றுபோனது அந்த ஒரு செய்திதான். உள்ளதைச் சொன்னவர் போனார், மலையில் மறைந்திருந்தவர் இருந்தார்.

சுலக்ஷனா ஏழாவது காம்பராவுக்கு வந்தாள்.

"எந்த ஊரும்மா?" என்று முதல் கேள்வியை இவரே கேட்டார்.

"பூண்டுலோயாப் பக்கம் ஐயா. நானும் லயத்துல பொறந்தவதான்."

அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. நம்ம வாயைக் கிளற நம்ம பிள்ளையையே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"வீட்ல எத்தன பேருங்க?"

"ரெண்டு. நானும் என் சம்சாரமும்."

"டவுனுக்கு வேலைக்குப் போறவங்க?"

"டவுன்ல எங்களுக்கு என்ன வேலை?"

அவள் வெளியே கொடியைப் பார்த்தாள். பிரியந்தியின் வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது, பையில் பார்மசியின் பெயரோடு.

"அது யாரோடதுங்க?"

"எனக்குத்தான். குளிருக்குப் போட்டுக்குவேன்."

பக்கத்துக் காம்பரா சுமன், திரீவீல் ஓட்டுகிறவன், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "மாமா, அப்ப எனக்கு ஒரு வாரமா இடுப்பு வலி, கொஞ்சம் பாருங்க" என்றான். லயமே சிரித்தது. சுலக்ஷனாவும் சிரித்தாள். ஆனால் இரண்டு என்றுதான் எழுதினாள். சொன்னதை எழுதுவதுதான் அவளுக்கு இடப்பட்ட வேலை.

அன்று நாலாம் நம்பர் லயத்தில் இருந்தவர்கள் எழுபத்தொரு பேர். எழுதப்பட்டது முப்பத்தெட்டு. தினமும் டவுனுக்குப் போகிறவர்கள் இருபத்துமூன்று பேர். எழுதப்பட்டது ஒருவரும் இல்லை. மற்ற லயங்களிலும் ஏறத்தாழ இதே கதைதான். நல்லமுத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஜூலை முதலாம் திகதி திட்டத்தின் வரைபடமும் அறிக்கையும் பிரதேச சபையில் பார்வைக்கு வைக்கப்பட்டன. எட்டாம் திகதி பிரியந்தி கடையிலிருந்து அரை நாள் லீவு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அப்பா, மேற்கணக்குல இருந்து டவுனுக்கு எத்தன பேரு போறாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"எனக்கு என்ன தெரியும்."

"ஒம்பது பேராம். ஆறு லயத்துக்கும் சேர்த்து. நாலாம் நம்பர்ல ஒருத்தரும் இல்லையாம். அம்பது பேருக்குக் கொறஞ்சா ஸ்டொப் இல்ல. ரயிலு நம்ம வீட்டுப் பின்னாடி போகும். நிக்காது. அடுத்த ஸ்டொப் பஜார்ல. இப்ப பஸ்ஸுக்கு நடக்கிற அதே தூரம்." அவரை நேராகப் பார்த்தாள். "என்னைய இல்லன்னு சொன்னது யாரு?"

ஜீவராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்கப்பாதான். வேற யாரு."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் நல்லமுத்து. "அந்தத் தகரத்தப் பாத்தான்னா..."

"இல்லாத ஆளுக்குத் தகரம் எதுக்குப்பா?"

அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. புதன்கிழமை பத்தாம் திகதி இரண்டு பைகளோடு டவுனுக்குப் போய், மார்க்கட்டுக்குப் பின்னால் வேறு இரண்டு பெண்களோடு போர்டிங் எடுத்துக்கொண்டாள். பைகளை ரோட்டுவரை ஏற்றிப்போனது சுமனின் திரீவீல்.

பதினான்காம் திகதி ஞாயிற்றுக்கிழமை ராகலையில் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் மக்கள் கருத்துக் கூட்டம். ஏறக்குறைய நூற்றிருபது பேர். மேடையில் சிங்களத்தில் பேசுகிற ஒரு பொறியியலாளர்; தமிழில் சொல்வதற்கு சுலக்ஷனா. இரண்டாவது வரிசையில் கூனிமலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்லமுத்து அவருக்குப் பின்னால், அவருடைய பிடரி தெரிகிற மாதிரி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வியாபாரிகள் பேசினார்கள், பஸ் முதலாளி ஒருவர் கோபமாகப் பேசினார். வேறு யாராவது கேட்கிறீர்களா என்று சுலக்ஷனா மூன்றாவது முறை கேட்டபோது எழுந்தார்.

"மேற்கணக்குல ஒம்பது பேருன்னு போட்டிருக்கீங்க. அது பொய்."

சுலக்ஷனா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க சொன்னதத்தானே நாங்க எழுதினோம் ஐயா."

"நீங்க பொய் எழுதலம்மா. நாங்கதான் பொய் சொன்னோம். நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னேன். என் வீட்ல ரெண்டு பேரு இல்ல. மூணு பேரு. என் மக தெனமும் டவுனுக்குப் போனா."

கிளாக்கர் திரும்பிப் பார்த்தார். நல்லமுத்துவும் அவரைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் சம்பளப் புத்தகத்தில் தன் பெயரை எழுதிய மனிதர். இனி வேறொரு புத்தகத்திலும் எழுதுவார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் ஐயம் இருக்கவில்லை.

பொறியியலாளர் ஏதோ சொன்னார். சுலக்ஷனா திருப்பிச் சொன்னாள்: வாய்ப்பேச்சில் எண்ணிக்கையை மாற்ற முடியாது, ஒரு வேலை நாளில், காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை, மேற்கணக்கிலிருந்து இறங்குகிற ஆட்களை நேரில் எண்ணலாம்.

"எண்றது யாரு?"

"நான்தான் ஐயா."

"எண்ணிட்டு எங்க எழுதுவீங்க?"

"படிவத்துல."

"அந்தப் படிவத்துக்கு நகல் தருவீங்களா? சீலோட?"

மண்டபம் சிரித்தது. பொறியியலாளர் சிரிக்கவில்லை, தருவோம் என்றார். நல்லமுத்து அதையும் நம்பிவிடவில்லை. திகதியை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஆகஸ்ட் ஏழு, புதன்கிழமை.

எண்ண வருகிற நாள் நெருங்க நெருங்க லயத்தில் அவரோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் ஜீவராணியிடம் கேட்டார்கள்: "அண்ணே வயசான காலத்துல எல்லார் வீட்டுத் தகரத்தையும் கழட்ட வச்சுட்டுத்தான் ஓய்வாராமா?" அவள் வந்து அதை அப்படியே சொன்னாள்.

ஏழாம் திகதி காலை நாலே முக்காலுக்கே சுலக்ஷனா வந்துவிட்டாள். மேற்கணக்கிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற பாதையில், அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற போக்குக்கு அருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லிய தூறல். நல்லமுத்து பத்தடி தள்ளி நின்றார். ஐந்தரைவரை வந்தவர்கள் நான்கு பேர்.

ஐந்து பத்திலிருந்து ஐந்தரைக்குள் அந்தப் பாதையில் குறைந்தது இருபது பேர் இறங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மகளை அனுப்ப எத்தனையோ காலை அங்கே நின்றிருக்கிறார். மழைக்காகப் பிந்துகிற ஆட்கள் இல்லை அவர்கள். பத்தொன்பது வருடக் காவல் வேலை அவருக்கு ஒரு விஷயம் கற்றுக்கொடுத்திருந்தது: பாதையில் ஆள் இல்லையென்றால், ஆள் வேறு பாதையில் இருக்கிறது.

ஆறாம் நம்பர் மலையின் தேயிலைக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை உண்டு. அங்கே ஏறிப் போனார். டோர்ச் வெளிச்சங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தடியில் சுமன் திரீவீலை நிறுத்திவிட்டு, வருகிறவர்களிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம். கீழ ஆள் எண்றாங்க."

"சுமன்."

அவன் திரும்பினான். "காவலுக்கு வந்துட்டீங்களா மாமா? ஓய்வு குடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

"எதுக்குடா இப்பிடிச் செய்யற?"

"நீங்க சொல்லிக் குடுத்தத்தான் செய்யறேன். இங்க யாரும் இல்லன்னு சொல்லச் சொன்னது யாரு? அஞ்சு மாசம் முன்னாடி சரி, இப்ப பிழையா?"

கேள்வி சரியான கேள்வி. நல்லமுத்து திரீவீலைப் பார்த்தார்.

"ஒனக்குத் தகரம் பயமில்ல" என்றார். "நீ தகரமே அடிக்கல. ஒனக்கு ஸ்டொப் வரக்கூடாது. அதானே?"

சுமன் திரீவீலின் கண்ணாடியைக் கையால் துடைத்தான். "வந்தா என் வண்டியில யாரு மாமா ஏறுவா? ரெண்டு கிலோமீற்றர் நடக்க முடியாம இருக்கிறதாலதான் எனக்குச் சோறு."

"இத அங்க போயி சொல்லு. எழுதிக்கச் சொல்லு. அது ஞாயம். ஆனா அதுக்காக இத்தன பேர இல்லாம ஆக்காத. நான் ஒருத்திய இல்லாம ஆக்கினேன், இப்ப வீட்ல இல்ல."

சுமன் திரீவீலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். நல்லமுத்து குறுக்குப் பாதையின் நடுவில் நின்றார். விறகுக்காரர்களை மறித்த அதே நிலையில், கால்களை அகட்டி.

"எல்லாரும் கீழ போக்கு வழியா போங்க. வேறொண்ணும் கேட்க மாட்டாங்க. பேரு கேட்டா சொல்லாதீங்க. தலையத்தான் எண்றாங்க."

"தொரைக்குத் தெரிஞ்சா?" என்று தையற் கடையில் வேலை செய்கிற ஒரு பெண் கேட்டாள்.

"தொரைக்கு நாந்தான் முதல்ல தெரிவேன். கூட்டத்துல பேரோட சொல்லிட்டு வந்திருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சிலர் அவரைத் திட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் போக்கு வழியாகத்தான் போனார்கள்.

எட்டு மணிக்கு சுலக்ஷனா படிவத்தைக் கூட்டினாள். எழுபத்துமூன்று.

"ஒங்க மகளையும் சேத்தா எழுபத்துநாலு ஐயா. போட்டுறவா?"

"அவ இன்னிக்கு எறங்கலியே."

"தெனமும் போனவங்கதானே. நானே அந்தக் கோட்டைப் பாத்தேன்."

"போடாதம்மா" என்றார். "இல்லாத ஒண்ணு எழுதினா, இருக்கிற எழுபத்துமூணையும் நம்ப மாட்டாங்க."

நகலை சீலோடு வாங்கிக்கொண்டார். எழுபத்துமூன்று என்பதை எழுத்திலும் எழுதச் சொன்னார்.

மேற்கணக்குக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்துதான் லயத்துக்குப் போகும். ஒக்டோபர் இருபத்துநான்காம் திகதி வியாழக்கிழமை இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று பிரித்து ஒட்டியது போல இருந்தது. அதை அவர் ஜீவராணிக்குக் காட்டினார். சனிக்கிழமை மாலை பிரியந்தி வந்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் வந்தது அது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் இரவு தங்காமல் திரும்பிவிட்டாள்.

முதல் கடிதத்தை வாசித்தாள். திருத்திய வரைபடத்தில் கூனிமலை மேற்கணக்குக்குத் தரிப்பிடம் சேர்க்கப்பட்டுள்ளது. திட்டத்துக்கு இறுதி அனுமதி கிடைத்த பின்னரே வேலை ஆரம்பமாகும்.

"எப்ப கிடைக்குமாம்?" என்றார்.

"போடல."

"பாத்தியா."

இரண்டாவது கடிதம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து. லயம் நாலு, காம்பரா ஏழின் பின்புறம் அனுமதியின்றிக் கட்டப்பட்ட அறை பற்றியும், அங்கு வசிப்பவர்கள் பற்றியும் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும்.

"சொன்னேன்ல" என்றார் நல்லமுத்து. அவர் குரலில் பயத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது என்று ஜீவராணி பிறகு சொன்னாள். "எண்ணினா இதுதான் வரும்னு சொன்னேன்ல?"

"அதுவும் வந்துச்சு, இதுவும் வந்துச்சு" என்றாள் ஜீவராணி. "எதுக்கு இப்ப இந்தக் கணக்கு? பதில எழுதுங்க."

பிரியந்தி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசையில் வைத்தாள். அவர் சொன்னார், அவள் எழுதினாள். காம்பரா யாருக்கு எந்த வருடம் கொடுக்கப்பட்டது, தகரம் எப்போது அடிக்கப்பட்டது, எத்தனை தகரம், ஏன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன பதிலை அவள் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதினாள். பிறகு பேனையை நிறுத்தினாள்.

"வசிப்பவர்கள் எத்தனை பேருன்னு போடணும்."

வெளியே மழை தகரத்தின்மேல் விழத் தொடங்கியிருந்தது. ஜீவராணி அடுப்படியில் எதையோ தேடுவதுபோல நின்றாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஒரு தடவ ஒனக்குப் பதிலா நான் சொல்லிட்டேன். நீ சொல்லு. ரெண்டுன்னாலும் சரி."

"ஆறு அஞ்சு பஸ்ஸுலதான் இனியும் போகணும். ரயிலு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"நான் கெளம்புறப்ப கீழ ரோடு வரைக்கும் வருவீங்களா?"

"எப்பவும் வந்தேன்ல."

அவள் குனிந்து எழுதினாள். மூன்று. அதன் கீழே மூன்று பெயர்களையும் வரிசையாக எழுதினாள், வயதோடு. நல்லமுத்து தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இன்னொரு பிரதி எழுது" என்றார். "ஆபீஸ்ல குடுத்தது கெடைக்கலன்னு சொல்லுவாங்க."